துச்சாதனன் போட்ட பொடி

ஜீப் வளைவுகளில் திரும்பும்போது நான் பள்ளத்தைப் பார்க்கவில்லை. மல்லியின் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடது மூக்கு. அதன் கீழே விரலை வைத்தேன். காற்று வரவில்லை. வலது மூக்கின் கீழே வைத்தேன். வந்தது. மறுபடி இடதில் வைத்தால் லேசாக வருவது போலவும் இருந்தது. அது ஜீப்புக்குள் அடித்த மலைக்காற்றாகவும் இருக்கலாம்.

மல்லிக்கு அப்போது இரண்டரை வயது. வாயைத் திறந்து மூச்சு விட்டபடி என் வளையலை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். படுக்கவைத்தால் உள்ளே இறங்கிவிடுமோ என்று அவளை நிமிர்த்தி உட்காரவைத்தேன். நிமிர்த்தினால் மேலே ஏறிவிடுமோ என்று மறுபடி சாய்த்தேன். பிள்ளை என்னை விநோதமாகப் பார்த்தாள்.

எங்களைச் சுற்றிப் புளி மூட்டைகள். ஈரக் கோணி, டீசல், புதுப்புளி எல்லாம் கலந்த வாடை. இன்றைக்கும் சமையலறையில் புளியைக் கரைக்கும்போது அந்த ஜீப் எனக்குள் ஒரு முறை குலுங்கும்.

இப்படி நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஜீப்பில் இருந்த மற்ற மூவரும் ஒரு சினிமா நடிகரைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் வேஷத்துக்கு அவர் பொருத்தமா, இல்லையா என்று.

"வாத்தியாராம் வாத்தியாரு! அந்தக் கண்ண பாத்தா பால் திரிஞ்சிபூடும்" என்றார் வண்டியை ஓட்டிய ஏழுமலை.

என் மகளின் மூக்கில் புளியங்கொட்டை இருக்கும்போது இவர்களுக்குச் சினிமாப் பேச்சு கேட்கிறதா என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல.

எல்லாமே ரெண்டு

என் வீட்டுக்காரர் ஜவ்வாது மலைமேல் ஓர் உறைவிடப் பள்ளியில் ஆசிரியராக வேலைக்கு வந்ததையும், நான் கைக்குழந்தையோடு பின்னால் வந்து சேர்ந்ததையும் முன்பே எழுதியிருக்கிறேன். இது அதற்கு இரண்டு வருஷம் கழித்து, மாசி மாதம். அவர் ஏதோ பயிற்சி என்று வேலூருக்குப் போயிருந்தார்.

மாசி, பங்குனியில் மலையில் எங்கே பார்த்தாலும் புளிதான். வீட்டு வாசல்களில் பழத்தைக் கொட்டித் தடியால் தட்டி ஓட்டை உடைப்பார்கள். பெண்கள் கும்பலாக உட்கார்ந்து கொட்டை எடுப்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பொன்னம்மாக்காவின் வாசலில் அன்று காலை நானும் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்த வேலை சரியாக வராது. ஆனால் சும்மா இருந்தால் 'சார் வீட்டம்மா'வுக்குக் கர்வம் என்று நினைப்பார்களோ என்று போய் உட்காருவேன்.

மல்லி பக்கத்தில் கொட்டைகளைக் குவித்து விளையாடிக்கொண்டிருந்தாள். நான் திரும்பியது ஒரு நிமிஷம் இருக்குமோ என்னவோ. அவள் வந்து என் முழங்காலைத் தட்டினாள். மூக்கைத் தொட்டுக் காட்டி, "கொட்ட… உள்ள" என்றாள்.

"எத்தனை கண்ணு?"

"ரெண்டு."

அவளுக்கு அப்போது எண்ணத் தெரியாது. எதைக் கேட்டாலும் ரெண்டுதான். வயசு எத்தனை? ரெண்டு. அப்பா எத்தனை? ரெண்டு. ஆகவே ஒன்றா, இரண்டா, அல்லது ஒன்றுமே இல்லையா என்று எப்படித் தெரியும்? வெளிச்சத்தில் அவள் முகத்தை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே ஏதோ பளபளத்தது போலிருந்தது. அவள் அழுததும் அதுவும் தெரியவில்லை.

கொண்டை ஊசியை எடுத்தேன். உள்ளே தள்ளிவிட்டால்? ஊசியைத் தலையில் செருகிக்கொண்டேன். ஈரம் பட்டால் விதை ஊறிப் பருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. படிப்பு சில நேரங்களில் பயத்தை மட்டும் வளர்க்கும். நான் அந்தப் பாடத்தில், கண்ணாடிக் குவளையில் ஊறவைத்த விதை மூன்றாம் நாள் முளைவிடுவதையும் படம் வரைந்தவள்.

"தும்முனா தானா வந்துடும், உடு" என்றார் பொன்னம்மாக்கா. பிள்ளை தும்மவில்லை. மத்தியானம் வரை பார்க்கலாமா? வீட்டுக்காரர் இருந்தால் என்ன சொல்வார்? "இதற்குப் போய் ஆஸ்பத்திரியா" என்பாரா, "ஏன் உடனே போகவில்லை" என்பாரா? இரண்டையுமே சொல்லக்கூடியவர்.

நல்லவேளையாக அன்று கலசப்பாக்கம் சந்தைக்குப் புளி ஏற்றிக்கொண்டு ஏழுமலையின் ஜீப் புறப்பட்டது. பொன்னம்மாக்காவின் மூட்டைகளும் அதில் போயின. "வா, நானும் வர்றேன். பெரிய ஆஸ்பத்திரியில காட்டிடலாம்" என்று அவரே என்னை ஏற்றிவிட்டார். கடைசி நிமிஷத்தில் ஓடிவந்து மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தவர் முனுசாமி.

அவரைப் பார்த்ததும் மல்லி வீல் என்று கத்தி என் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் அழுது ஓயும்வரை மூக்கைப் பார்க்க முடியவில்லை.

முனுசாமியின் குறை

முனுசாமி யாருக்கும் ஒரு கெடுதல் செய்தவரில்லை. தினை, சாமை விதைப்பார். தேன் கிடைத்தால் எங்களுக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுப்பார். ஆனால் மலையில் எந்தக் குழந்தையும் அவரிடம் போகாது. அவர்தான் எங்கள் பக்கத்துக் கூத்து ஜமாவில் துச்சாதனன்.

இந்தப் பக்கங்களில் சித்திரை பிறந்தால் அடிவாரத்துத் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து. ஒரு வேஷத்தை ஒருவர் கட்டினால் அநேகமாக ஆயுசுக்கும் அவருக்கு அதுதான். ஊரும் அந்தப் பெயரை வைத்தே கூப்பிடும். பாஞ்சாலி வேஷம் கட்டுகிற ஆண்பிள்ளையைச் சந்தையில் எல்லோரும் "வா தாயே" என்று கூப்பிட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

துகில் உரியும் கட்டம் வந்ததும் கூத்து நின்றுவிடும். முனுசாமி கிரீடத்தைக் கழற்றி வைப்பார். கற்பூரம் ஏற்றுவார். "தாயே, நான் செய்யல, வேஷம் செய்யுது" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுவார். அதற்குப் பிறகுதான் சேலையில் கை வைப்பார். அந்த அழுகையை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. சேலையைப் பிடித்த கைதான் நிற்கிறது. முந்தைய வருஷம் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்த மல்லி சரியாக அந்த இடத்தில் விழித்துக்கொண்டாள். அன்று முதல் அவள் சோறு சாப்பிட மறுத்தால் "முனுசாமி வர்றாரு" என்று சொல்லி ஊட்டும் வழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது.

அந்த வருஷம் ஒரு சந்தர்ப்பம் வந்திருந்தது. தருமர் வேஷம் கட்டிக்கொண்டிருந்த பெரியவர் குரல் போய் ஒதுங்கிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாருக்கு எந்த வேஷம் என்று பிரிக்கப் போகிறார்கள். முனுசாமிக்குத் தருமர் வேஷத்தின் மேல் ஆசை. ஜீப் ஓட்டும் ஏழுமலைதான் அந்த ஜமாவில் மத்தளம். மத்தளம் சரி என்றால் மற்றவர்களும் சரி என்பார்கள்.

ஆகவே முனுசாமி சும்மா ஜீப்பில் ஏறவில்லை.

ஒரு ரீலைக் காணோம்

ஆனால் அவர் வாயைத் திறக்குமுன் பேச்சைத் தொடங்கிவைத்தது என் மகள்தான். ஜீப்பின் பின்தகட்டில் உள்பக்கமாக ஒரு சினிமா போஸ்டர் ஒட்டியிருந்தது. அழுது ஓய்ந்தவள் அதைக் கை காட்டி, "கெட்ட மாமா" என்றாள்.

"பாத்தியா, பச்சக் கொழந்தைக்குத் தெரியுது!" என்று பொன்னம்மாக்கா தொடையைத் தட்டினார்.

போஸ்டரில் இருந்த நடிகரின் பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதுமில்லை. பூனைக்கண்ணர் என்றால்தான் தெரியும். எத்தனையோ வருஷங்களாக வில்லன். வைக்கோல்போருக்குத் தீ வைப்பார், பத்திரத்தில் கைநாட்டு வாங்குவார், கதாநாயகியின் தம்பியைக் கிணற்றில் தள்ளுவார். அப்படிப்பட்டவர் நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு கிராமத்துத் தலைமையாசிரியராக வந்த படம் அது. வெள்ளத்தில் பெற்றோரைப் பறிகொடுத்த சிறுமியை எடுத்து வளர்க்கிறார். அவ்வளவுதான் கதை.

முந்தைய வாரம் அந்தப் படம் அடிவாரத்து டூரிங் கொட்டாய்க்கு வந்தபோது மலையிலிருந்து ஜீப் பிடித்துப் போய்ப் பார்த்தோம். மணல் தரையில் மல்லியை மடியில் வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன். பூனைக்கண்ணர் முதன்முதலாக அந்தச் சிறுமியின் தலையில் கை வைத்தாரே, கொட்டாயே எழுந்து நின்றது. "ஓடு பாப்பா! ஓடிப்பூடு!" என்று பெண்கள் கத்தினார்கள். அவர் சோறு ஊட்டினால் "துன்னாத, துன்னாத" என்றார்கள்.

எல்லோரும் காத்திருந்தார்கள். இப்போது புத்தியைக் காட்டுவார், அடுத்த காட்சியில் காட்டுவார் என்று. அவர் காட்டவேயில்லை. கடைசியில் அந்தச் சிறுமி படித்து வேலைக்குப் போக, அவர் ரயிலடியில் நின்று கை அசைத்தார். 'சுபம்' போட்டுவிட்டார்கள்.

கொட்டாயில் ஒரே ரகளை. படம் நீளமாக இருந்தால் டூரிங் கொட்டாய்க்காரர்கள் நடுவில் ஒரு ரீலை விழுங்குவது உண்டு. பூனைக்கண்ணர் கெட்டவராக மாறுகிற ரீலை ஆபரேட்டர் போடாமல் ஏமாற்றிவிட்டான் என்று எங்கள் ஊரே நம்பியது. "அந்த ரீல போட்டாத்தான் போவோம்" என்று சிலர் மணலை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆபரேட்டர் பெட்டிகளைத் திறந்து காட்டிச் சத்தியம் செய்தும் பயனில்லை.

எனக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. படத்தில் பூனைக்கண்ணர் அந்தச் சிறுமிக்குத் தலை வாரிவிடும் காட்சி ஒன்று உண்டு. சீப்பை எழுதுகோல் போலப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு வகிடு எடுப்பார். வகிடு கோணிக்கொண்டு போகும். அவர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, மேலே ஒரு பூவை வைத்துக் கோணலை மறைப்பார். அங்கே நான் அழுதுவிட்டேன்.

என் அப்பா கோர்ட்டில் அமீனா. ஜப்திக்குப் போகிறவர். எங்கள் தெருவில் அவர் முகத்தைப் பார்த்தாலே கதவைச் சாத்துவார்கள். தம்பி பிறக்க அம்மா தாய்வீட்டுக்குப் போயிருந்த மாதங்களில் தினமும் எனக்குத் தலை பின்னிவிட்டவர் அவர்தான். கோணல் வகிடோடு பள்ளிக்கூடம் போன எனக்கு, பூனைக்கண்ணரைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் இதையெல்லாம் வெளியில் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

வளைவில் நின்ற வண்டி

"இன்னா சொன்னாலும் ரீல முழுங்கிட்டான்" என்றார் பொன்னம்மாக்கா. "படத்துல பூனக்கண்ணன் அந்த மூக்குப்பொடி டப்பாவ எதுக்குக் காட்டிக்கினே இருந்தான்? அதுல வெசம் வச்சிருந்தான். அந்த ரீல்ல வந்திருக்கும்."

"யக்கா, அது வெசம் இல்லக்கா" என்று முனுசாமி கெஞ்சுகிற மாதிரி சொன்னார். "அழுவ வர்றப்பல்லாம் ஒரு சிட்டிக பொடி போட்டுக்குவாரு. கண்ணுல தண்ணி வந்தா பொடியாலன்னு நெனச்சிப்பாங்கள்ல? பாப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னு அழுவைய மறைக்கிறாரு. அத ஒருத்தரும் பாக்கலியே!"

"நீ ஏன் அவனுக்கு இம்மாம் பரிஞ்சி பேசறன்னு தெரியாதா?" ஏழுமலை கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சிரித்தார். "தருமரு வேசத்துக்கு அடி போடற. யோவ், நீ தருமரா வந்து நின்னா பாஞ்சாலியே எழுந்து ஓடும்யா."

"அவரு வாத்தியாரா வரலாம், நான் தருமரா வரக் கூடாதா?"

"அவனும் வரக் கூடாதுன்னுதான சொல்றேன்! வேப்ப மரத்துல மாங்கா காய்க்குமா?"

"சார் வூட்டம்மா கீறாங்க, அவுங்களக் கேளு" என்றார் பொன்னம்மாக்கா. "தெனம் வாத்தியாரோட குடும்பம் நடத்தறவங்க. நீ சொல்லு கண்ணு, வாத்தியாரு அப்பிடியா இருப்பாரு?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள். முனுசாமியின் பார்வை பரிதாபமாக இருந்தது. கோணல் வகிட்டைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள், பிள்ளை இப்படி இருக்கும்போது நானும் சினிமா பேசுவதா என்று தோன்றியது.

"எனக்குத் தெரியலைங்க. கொஞ்சம் வேகமாப் போங்களேன்" என்றேன்.

"வேகமாப் போனா குலுங்கும்மா. பாப்பாவுக்குத்தான் கஷ்டம்."

அதுவும் சரிதான். "அப்போ மெதுவாவே போங்க" என்றேன்.

பாதி மலை இறங்கியதும் ஒரு வளைவில் ஏழுமலை வண்டியை நிறுத்தினார். எஞ்சின் கொதித்துவிட்டது. ஓடைத் தண்ணீர் பிடித்து ஊற்றினால்தான் நகரும். எனக்கு அழுகை முட்டியது. மல்லியின் மூக்கு லேசாக வீங்கியது போலவும் தோன்றியது.

ஏழுமலை தண்ணீர் ஊற்றிவிட்டு ஆவி அடங்கக் காத்து நின்றார். முனுசாமி ஏதோ முடிவுக்கு வந்தவர் போல மூட்டையிலிருந்து குதித்தார். ஜீப்பின் பின்பக்கம் போய், போஸ்டருக்குப் பக்கத்தில் எங்களைப் பார்த்து நின்றார். மேல்துண்டை அங்கவஸ்திரம் போல மடித்துத் தோளில் போட்டார்.

"யக்கா, உன் பொடி டப்பாவ குடு."

"எதுக்குடா?"

"குடுக்கா. அந்த ரயிலு சீனு. நான் செஞ்சி காட்டறேன். செஞ்சப்பறம் பொருத்தமில்லன்னு சொல்லு, நான் துச்சாதனனாவே சாவறேன்."

பொன்னம்மாக்கா இடுப்பிலிருந்து தகர டப்பாவை எடுத்துக் கொடுத்தார். முனுசாமி கண்ணை மூடித் திறந்தார். அவ்வளவுதான், தோள் இறங்கிவிட்டது. கழுத்து கொஞ்சம் முன்னால் வந்தது. கூத்தில் நான்கு தெருவுக்குக் கேட்கும் குரல், அடங்கி, கரகரத்து வந்தது.

"போய்ட்டு வாம்மா. நேரத்துக்குச் சாப்புடு. எனக்கு இன்னா… பொடி கீது."

டப்பாவைத் திறந்தார். விரல் நுனியில் பொடி எடுத்தார். அதை மூக்கருகே கொண்டுபோய், முகத்தைத் திருப்பி, உறிஞ்சினார். கண்ணில் நீர் வந்தது. பொடியாலா, நடிப்பாலா, ஞாயிற்றுக்கிழமையை நினைத்தா, எனக்குத் தெரியாது. மல்லி என் மார்பிலிருந்து முகத்தை எடுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவர், படத்தில் வருவது போலவே, விரலில் மிஞ்சிய பொடியைப் படக்கென்று உதறினார்.

படத்தில் ரயிலடியில் காற்று இல்லை. எங்கள் வளைவில் இருந்தது. பள்ளத்திலிருந்து ஒரு காற்று கிளம்பி, விரல் பொடியோடு திறந்திருந்த டப்பாவின் பொடியையும் அள்ளி ஜீப்புக்குள் வீசிவிட்டது.

முதலில் பொன்னம்மாக்கா தும்மினார். பிறகு நான். மல்லி மூக்கைச் சுருக்கினாள். வாயைத் திறந்தாள். மூடினாள். கண் இரண்டும் பெரிதாயின. இரண்டரை வயதுப் பிள்ளையிடமிருந்து அப்படியொரு தும்மல் வரும் என்று நான் நினைக்கவில்லை. அடுத்தடுத்து வந்தது. அதில் ஏதோ ஒன்று என் மணிக்கட்டில் சுள்ளென்று பட்டு மடியில் விழுந்தது.

புளியங்கொட்டை. ஈரத்தில் பளபளத்துக்கொண்டு.

மல்லி அந்தக் கொட்டையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், பிறகு சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டு, சிரித்தாள். மறுபடி தும்மினாள்.

என் கண்களிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்தது. மூவரும் என்னைப் பார்ப்பது தெரிந்ததும் முந்தானையால் அவசரமாகத் துடைத்துக்கொண்டு, "பொடி… பொடி கண்ணுல பட்டுடுச்சு" என்றேன்.

ஏழுமலை என்னைப் பார்த்தார். போஸ்டரைப் பார்த்தார். டப்பாவைக் கையில் பிடித்தபடி நின்ற முனுசாமியைப் பார்த்தார்.

"ஆமாம்மா, பொடிதான்" என்றார் மெதுவாக. பிறகு, "யோவ் தருமரே, வண்டில ஏறுய்யா. நேரமாவுது" என்றார்.

இன்னொரு தடவை பாருங்க

"அதான் வந்துட்ச்சே. ஆஸ்பத்திரி எதுக்கு, சந்தைக்கே போலாமா?" என்று பொன்னம்மாக்கா கேட்டார்.

"ரெண்டு போட்டிருந்தா?" என்றேன்.

மூவரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஆனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. அன்று நான் அவர்களுக்குக் கடன்பட்டது அதற்கும்தான்.

போகும் வழியில், யாரும் கேட்காமலே, கோணல் வகிட்டைப் பற்றி நான் சொன்னேன். என் அப்பாவைப் பற்றியும் சொன்னேன். "எனக்கு அவர் பொருத்தமாத்தான் தெரிஞ்சார்" என்று முடித்தேன். இவ்வளவு நீளமாக நான் பேசி அவர்கள் கேட்டதில்லை. முனுசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பொன்னம்மாக்கா மட்டும், "உங்கப்பாரு வேற கண்ணு. அவருக்குப் பூனக்கண்ணா இருந்திச்சி?" என்றார்.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா மல்லியின் முகத்தை நிமிர்த்தி, இரண்டு மூக்கிலும் விளக்கடித்துப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு."

"இன்னொரு தடவை பாருங்களேன், டாக்டர்."

அவர் சிரிக்காமல் இன்னொரு தடவை பார்த்தார். "ஒண்ணும் இல்லம்மா. பொடி வாசனைதான் தூக்குது. பிள்ளைக்கு யாரு பொடி போட்டது?"

"துச்சாதனன்" என்றார் பொன்னம்மாக்கா.

டாக்டரம்மா எங்கள் எல்லோரையும் நிற்கவைத்துத் திட்டினார். குழந்தை மூக்கில் பொடி படக் கூடாது, தும்மும்போது கொட்டையை உள்ளே இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும், இனி இப்படி ஏதாவது ஆனால் கையை வைக்காமல் நேராக இங்கே கொண்டுவர வேண்டும் என்று. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

முனுசாமி தயங்கித் தயங்கி நடந்ததைச் சொன்னார். படத்தின் பேச்சு வந்ததும் டாக்டரம்மா பேனாவை மூடினார்.

"அந்தப் படமா? நானும் பாத்தேன். அந்த ஆளைப் போயி ஹெட்மாஸ்டரா போட்டிருக்காங்களே, வேற ஆளே கெடைக்கலையா?"

முனுசாமியின் முகம் விழுந்துவிட்டது. ஏழுமலை அவர் தோளில் கை போட்டு வெளியே அழைத்துப் போனார்.

சந்தை முடிந்து ஜீப் மலை ஏறியபோது மல்லி நன்றாகத் தூங்கினாள். வாயை மூடிக்கொண்டு. நான் வழியெல்லாம் அவள் மூக்கின் கீழே விரலை வைத்துக்கொண்டே வந்தேன். இரண்டிலும் காற்று வந்தது.

தருமர்

வேலூரிலிருந்து திரும்பிய என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தும்மினா வந்துடும்னு எனக்குத் தெரியும்" என்றார். அவருக்கு எப்போதும் பிறகுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வேஷம் பிரித்தார்கள். மத்தளம் சரி என்றது. சித்திரையில் முனுசாமி தருமராக வந்தார்.

நாங்கள் முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தோம். கிரீடமும் தோளில் புஜகீர்த்தியுமாக அவர் திரை விலக்கி வந்தபோது கூட்டத்தில் ஒரு சலசலப்பு. குழந்தைகள் தாய்மார்களின் முதுகுக்குப் பின்னால் போனார்கள். ஆனால் அவர் பாடத் தொடங்கியதும் சத்தம் அடங்கியது. அடக்கமான, கொஞ்சம் கரகரத்த குரல். அது எங்கிருந்து வந்தது என்று ஜீப்பில் இருந்த நாங்கள் மூவர்தான் அறிவோம். மெல்ல மெல்லப் பிள்ளைகள் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். பொன்னம்மாக்காகூட, "பரவால்ல, வேசம் நின்னுக்கிச்சி" என்று என் காதில் சொன்னார்.

அதற்குள் சூது வந்துவிட்டது.

தருமர் நாட்டை வைத்துத் தோற்றார். தம்பிகளை வைத்துத் தோற்றார். கடைசியில், தலை குனிந்து, பாஞ்சாலியை வைத்தார்.

பொன்னம்மாக்கா பாயிலிருந்து எழுந்தே விட்டார். "நான் அப்பவே சொன்னேன்ல! பாத்தியா, கடசில புத்தியக் காட்டிட்டான்!"

கூட்டம் அதிர்ந்து சிரித்தது. ஏழுமலைக்கு மத்தளத்தில் தாளம் தவறியது. தோற்ற தருமர் மட்டும் சிரிக்கவில்லை. தலையை நிமிர்த்தாமல் அப்படியே நின்றார். சிரித்தவர்களே கொஞ்ச நேரத்தில் அடங்கி, அவருக்காக உச்சுக்கொட்டினார்கள்.

விடிந்ததும் கூத்துக் கொட்டகையின் பின்னால் முனுசாமி தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரம் கலைத்துக்கொண்டிருந்தார். மல்லி என் கையை உதறிவிட்டு அவரிடம் ஓடினாள். அந்த ஜீப் பயணத்திற்குப் பிறகு அவரை எங்கே பார்த்தாலும் அவள் செய்யும் காரியம் ஒன்று உண்டு. அன்றும் செய்தாள். அவர் முன்னால் போய் நின்று, அண்ணாந்து, மூக்கைக் காட்டினாள்.

பாதி முகம் தருமர், பாதி முகம் முனுசாமியாக இருந்தவர் குனிந்து, ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார்.

"ஒண்ணியும் இல்ல தாயே" என்றார்.

நானும் ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.